ரசம் வகைகள் என்ற ஃபோல்டர்

ஜூன் 11, 2025, புதன்

காலை மணி 7.10. நேற்று மாலை வரை என் வீட்டு சர்வரில் இருந்த கோப்புகள் 61,402. இப்போது திறக்க முடிகிறவை: 0.

நேற்று நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியில் இருந்தபோது எங்கள் கணபதி ஏரியா முழுக்க இடி. வீட்டில் யுபிஎஸ் இருக்கிறது, எர்த் இருக்கிறது. மின்னல் அந்த வழியாக வரவில்லை. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் இன்டர்நெட் கேபிளைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. போர்டு கருகிவிட்டது. இரண்டு டிஸ்க்கும் சுற்றவே இல்லை.

அம்மாவின் சாட்சியம்: “புகை வந்துச்சு. நான் ஒரு சொம்பு தண்ணிய ஊத்தப் போனேன். மேனகாதான் ஓடியாந்து புடுங்குனா.”

“கரண்டு பொட்டில தண்ணி ஊத்துவாங்களாம்மா?”

“பொட்டில தீப்புடிச்சா வேற என்னத்த ஊத்தறது, மோரா?”

வீட்டில் நான்கு பேர். அம்மா, அக்கா மேனகா, அவள் மகள் நேத்ரா, நான். எல்லாருடைய போட்டோ, பத்திரம், பாஸ்வேர்டு எல்லாம் இந்தப் பெட்டியில்தான். பெரிய கம்பெனிகளிடம் எதையும் கொடுப்பதில்லை என்பது மூன்று வருடமாக என் கொள்கை. ஓடுவது அத்தனையும் கட்டற்ற மென்பொருள், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் உரிமம் படித்துத் தேர்ந்தெடுத்தேன்.

பதறவில்லை. பிரதி இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

பிரதி போத்தனூரில் ஆன்டோ வீட்டில் இருக்கிறது. எங்கள் கட்டற்ற மென்பொருள் குழுவில் இப்படி ஜோடி போட்டுக்கொள்வது வழக்கம். என் பிரதி அவன் வீட்டில், அவன் பிரதி என் வீட்டில். அடுத்தவர் பார்க்க முடியாதபடி பூட்டித்தான் அனுப்புவோம். என் பூட்டுக்குக் கடவுச்சொல் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஏழு சொற்கள். யாராலும் ஊகிக்க முடியக் கூடாது என்று கணினியை விட்டு உருவாக்கியவை.

அந்த ஏழும் என் பாஸ்வேர்டு பெட்டகத்தில் இருக்கின்றன. பெட்டகம் என் சர்வரில் இருந்தது.

போனில் பெட்டகத்தின் செயலி இருக்கிறது. ‘சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்கிறது. போனில் நகல் எதுவும் வைக்காதே என்று அதற்குச் சொன்னவன் நானே. போன் தொலைந்தால் ஆபத்து அல்லவா.

ஆன்டோவிடம் சொன்னேன்.

“சாவிய பீரோக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு வெளிய நிக்கற.”

“தெரியுது. விடு.”

“‘பேக்கப் இல்லாதவன் பேசவே கூடாது’ன்னு போன மீட்டிங்ல ஸ்லைடு போட்டது யாருடா?”

“பேக்கப் இருக்குல்ல. திறக்கத்தான் முடியல.”

அவன் சிரித்து முடிக்கும் வரை போனை மேசையில் குப்புற வைத்திருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

ஏழில் நான்கு சொற்கள் நினைவில் இருக்கின்றன. மீதி மூன்றுக்கு இன்று 112 முயற்சி. திறக்கவில்லை.

ஜூன் 14, சனி

சிறுவாணித் தண்ணீர் ஒன்பது நாளைக்குப் பிறகு வந்தது. நான்கு டிரம் பிடித்தேன். பிடித்துக்கொண்டிருக்கும்போது மேனகா வந்தாள்.

“நவனி, வக்கீலம்மா போன் பண்ணுனாங்க. முப்பதாந்தேதி கோர்ட்டு. அந்த ஃபோல்டர் வேணுமாம்.”

எழுதி வைக்க வேண்டும். மேனகா கடந்த நவம்பரில் நேத்ராவைத் தூக்கிக்கொண்டு உடுமலையிலிருந்து வந்துவிட்டாள். மச்சான் லோகநாதன் வழக்குப் போட்டிருக்கிறார். குழந்தையைத் தன்னிடம் அனுப்ப வேண்டும், மனைவி காரணமே இல்லாமல் போய்விட்டாள் என்று. முப்பதாம் தேதி நீதிபதி முடிவு செய்யப் போவது அதைத்தான்: வழக்கு முடியும் வரை நேத்ரா யாரிடம் இருப்பாள்.

காரணம் இருந்தது. அது ஃபோல்டரில் இருந்தது. மச்சான் தினமும் சாயங்காலம் அவள் போனை வாங்கிப் பார்ப்பார், அவள் கணக்கின் பாஸ்வேர்டும் அவருக்குத் தெரியும். அதனால் 2023-இல் நான் ஒரு வழி செய்துகொடுத்தேன். அவள் எடுக்கும் போட்டோவும் ஆடியோவும் நேராக என் சர்வருக்கு வரும். ஃபோல்டரின் பெயர் ‘ரசம் வகைகள்’. யார் திறந்து பார்ப்பார்கள்? “ஏறுனதும் போன்ல அழிச்சிருக்கா. மீதிய நான் பாத்துக்கறேன்” என்றேன். அப்படியே செய்தாள். எங்கும் வேறு நகல் கிடையாது.

“சர்வர் மெயின்டனன்ஸ்ல இருக்குக்கா. ரெண்டு நாள்ல தர்றேன்.”

“இடி விழுந்துச்சே, அதுல ஒண்ணும்...”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. போ.”

டிரம் வழிந்துவிட்டது. அம்மா திட்டினாள்.

ஜூன் 16, திங்கள்

அரை நாள் லீவு. நூறடி ரோட்டில் டிஸ்க்கைப் பிரித்து எடுத்துக் கொடுக்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் இரண்டு டிஸ்க்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே நாள்ல வாங்குனீங்களா?”

“ஆமா. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்னு.”

“ஒண்ணா வாங்குனா ஒண்ணாத்தான் தம்பி போகும். உள்ள என்ன? கல்யாண ஆல்பமா?”

“கிட்டத்தட்ட” என்றேன்.

வேறு ஒரு டிஸ்க்கின் போர்டை மாற்றிப் போட்டு ஓட வைத்துப் பார்ப்பாராம். ஓடினாலும் கொஞ்ச நேரம்தான், முதலில் எது வேண்டும் என்று கேட்டார். சில எம்பி அளவிலான பெட்டகக் கோப்பு ஒன்றை மட்டும் கேட்டேன். மற்றதெல்லாம் போத்தனூரில் இருக்கிறது.

ஜூன் 18, புதன்

மேனகாவுடன் வக்கீல் ஜரீனா பேகத்தின் ஆபீஸுக்குப் போனேன். அவர் ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். கணினியிலிருந்து எடுத்த சான்று என்றால் அதன் பொறுப்பாளர் ஒரு சான்றிதழில் கையெழுத்திட வேண்டுமாம். அந்தக் காலம் முழுக்கக் கணினி ஒழுங்காக இயங்கிக்கொண்டிருந்தது, இயங்கவில்லை என்றால் எப்போது, எதனால் என்று.

“சர்வருக்குப் பொறுப்பு நீங்கதானே தம்பி?”

“ஆமாங்க.”

“நல்லது. ஒவ்வொரு ஃபைலுக்கும் தேதி, மணி, அதுல என்ன இருக்குன்னு ஒரு வரி. லிஸ்ட் போட்டுட்டு வாங்க.”

“ஒழுங்காகன்னா என்னங்க அளவு? எந்த மெஷினும் நூறு சதவீதம் ஒழுங்கா ஓடாது.”

ஜரீனா கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க அவங்க பக்கத்து வக்கீலா, நம்ம பக்கமா?”

மேனகா சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

பிறகு ஜரீனா அவளிடம் விளக்கினார். எதிர்த்தரப்பு ஒன்றை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. போன ஆடியில் பெரியவர்கள் பேசிச் சமாதானம் ஆகிவிட்டது, ஆவணி பிறந்ததும் மேனகாவே திரும்பிப் போய் வாழ்ந்தாள், அதற்குப் பிறகு ஒரு சண்டையும் இல்லை என்று. “அதனால பழசு இருந்தாலும் பத்தாதும்மா. ஆவணிக்கு அப்புறம் நடந்ததுதான் கேஸே.”

“இருக்குங்க மேடம்” என்றாள் மேனகா. “தம்பிகிட்ட எல்லாம் இருக்கு.”

நான் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

நேத்ராவின் பள்ளி ஐடி கார்டுக்கு போட்டோ ஒட்டினேன். கோந்து காயவில்லை. கடையிலிருந்து போன் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

பகல் 12.20. கடைக்காரர் போன். ஒரு டிஸ்க் ஓடவே இல்லை, இன்னொன்று பதினொரு நிமிடம் ஓடிச் செத்துவிட்டது. ஆனால் பெட்டகக் கோப்பு முழுதாக வந்துவிட்டது!

சாயங்காலம் ஆன்டோ வீட்டில் ஏழு சொற்களையும் அடித்தேன். நினைவில் இருந்த நான்கில் ஒன்று தவறு. பூட்டுத் திறந்தது. 57,880 கோப்புகள். ஆன்டோவின் மனைவி சுண்டல் கொடுத்தாள். ஆன்டோ என் முதுகில் அறைந்து, “அடுத்த மீட்டிங்ல இதுக்கும் ஸ்லைடு போடு” என்றான். போடுவேன் என்றேன்.

61,402-க்கும் 57,880-க்கும் உள்ள வித்தியாசம் ஏதோ தற்காலிகக் கோப்புகளாக இருக்கும் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது லேப்டாப்பில் ‘ரசம் வகைகள்’ ஃபோல்டரைத் தேதி வாரியாக அடுக்கினேன். 71 கோப்புகள். கடைசிக் கோப்பு, பெயரைப் பார்த்தால் ஒரு போன் அழைப்பின் பதிவு. தேதி: 2024 ஆகஸ்ட் 16.

மறுபடியும் அடுக்கினேன். ஆகஸ்ட் 16.

ஜூன் 21, சனி

காரணம் தெரிந்துவிட்டது. எழுதுகிறேன்.

சென்ற ஆகஸ்ட் 17 அன்று போட்டோ மென்பொருளை மாற்றினேன். பழையதைச் செய்கிறவர்கள் உரிமத்தை மாற்றிவிட்டார்கள், அது இனிமேல் முழுக்கக் கட்டற்றது இல்லை. குழுவில் மூன்று பக்கத்துக்குக் கண்டனம் எழுதிவிட்டு, அன்றைக்கே வேறொன்றுக்கு மாறினேன். புதியது கோப்புகளை வேறு இடத்தில் வைக்கும். ஆன்டோ வீட்டுக்குப் பிரதி அனுப்பும் நிரலில் பழைய இடமே இருந்தது. அது தினமும் பழைய இடத்தைப் பார்த்தது, எந்த மாற்றமும் இல்லாததைப் பிரதி எடுத்தது, ‘வெற்றி’ என்று எனக்குச் செய்தி அனுப்பியது. 297 நாள் வெற்றி.

புதிய மென்பொருளின் குறிப்பில் மூன்றாவது வரியிலேயே எச்சரிக்கை இருக்கிறது. இன்றுதான் படித்தேன். குழுவில் யாராவது சந்தேகம் கேட்டால் நான் கொடுக்கும் முதல் பதில் ‘குறிப்பைப் படிங்க’.

ஆகஸ்ட் 17, ஆவணி முதல் தேதி. மேனகா உடுமலைக்குத் திரும்பிப் போன நாளும் அதுவே. கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்று அம்மா சொன்னாள். மாற்றம் பாதியில் நிற்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்றேன். குழந்தையையும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு அவளே பஸ் ஏறிப் போனாள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தேதிக்காக எழுதுகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

71 கோப்புகளுக்குப் பட்டியல் போட உட்கார்ந்தேன். இவற்றை இதுவரை நான் திறந்ததில்லை. அடுத்தவர் கோப்பைச் சர்வர் நடத்துகிறவன் திறக்கக் கூடாது. அது ஒரு ஒழுக்கம்.

1. போட்டோ. இடது முன்கை. சமையலறை டியூப்லைட் வெளிச்சம்.
2. போட்டோ. அதே கை, மறுநாள். நிறம் மாறியிருக்கிறது.
3. போட்டோ. உடைந்த கண்ணாடி வளையல்கள், முறத்தில் கூட்டி எடுத்தது.
4. ஆடியோ, 4 நிமிடம் 12 விநாடி. முதலில் குக்கர் சத்தம். பிறகு மச்சான்.

நான்காவதை 1.50-இல் நிறுத்தினேன். மாடிக்குப் போய்ப் புது கேபிளைச் சரிபார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது மேனகா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் நேத்ராவின் சாப்பாட்டுத் தட்டு.

“இப்பத்தான் மொதல் தடவையா பாக்கறயா?”

“உன் ஃபைல். நான் எதுக்குப் பாக்கணும்? பிரைவசின்னு ஒண்ணு இருக்குல்ல.”

“என்னடா சொல்ற?”

“சர்வர்ல நீ பத்திரமா வெச்ச. நான் காவல். அவ்வளவுதான்.”

அவள் தட்டைக் கீழே வைத்தாள். “நான் எங்கடா வெச்சேன்? உனக்குத்தானேடா அனுப்புனேன்.”

நான் திரையை அணைத்தேன்.

“ஒவ்வொரு தடவயும் அனுப்பிட்டு, நாளைக்கு வருவான்னு நெனைப்பேன். அப்பறம், வேலையா இருப்பான், ஞாயித்துக்கெழம வருவான்னு நெனைப்பேன்.”

உள்ளே நேத்ரா, “அம்மா, ரசஞ்சாதம் போதும்” என்று கத்தினாள். மேனகா தட்டை எடுத்தாள். வாசற்படியில் நின்று, “தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ஒரு ஆடியோ இருக்கும். அத மட்டும் நான் இருக்கறப்போ போடாதே. பாப்பா குரலும் அதுல இருக்கு” என்றாள்.

“பாக்கறேன்” என்றேன்.

அந்த ஆடியோ என்னிடம் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

கம்பெனியில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்சைத் தவறாக ரீபூட் செய்து அசெம்பிளி செக்‌ஷனை இருபது நிமிடம் நிறுத்திவிட்டேன்.

சான்றிதழை நிரப்பிப் பார்த்தேன். ‘ஒழுங்காக இயங்கியது’ என்று எழுதி 71 கோப்புகளை மட்டும் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. ஆவணிக்குப் பிறகு அவள் எதுவும் அனுப்பவில்லை என்று ஆகும். மச்சான் சொல்வதும் அதைத்தான்.

படிவத்தைக் கிழித்தேன். ஜரீனாவின் உதவியாளரிடம் இன்னொன்று கேட்டு வாங்க வேண்டும்.

பகலில் போனைக் குடைந்தேன். யார் எதை ஏற்றினாலும் சர்வர் எனக்கு ஒரு வரி அறிவிப்பு அனுப்பும். ஒலி வராமல் அமைத்து வைத்திருந்தேன், ஆனால் எல்லாம் வரிசையாகக் கிடக்கின்றன. ‘ரசம் வகைகள்: 2 புதிய கோப்புகள்.’ ‘ரசம் வகைகள்: 5 புதிய கோப்புகள்.’ ஆகஸ்ட் 17-க்கும் நவம்பர் 9-க்கும் இடையில் பத்தொன்பது அறிவிப்புகள், 43 கோப்புகள். அக்டோபர் 27, ஞாயிறு, மாலை 6.35: ‘1 புதிய கோப்பு.’

பத்தொன்பதும் ‘படிக்கப்பட்டது’ என்று காட்டுகின்றன.

ஜூன் 25, புதன்

சொல்லிவிட்டேன்.

மேனகா நேத்ராவின் யூனிபார்மை மடித்துக்கொண்டிருந்தாள். மென்பொருள் மாற்றம், பழைய இடம், நிரல் என்று ஆரம்பித்தேன்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“ஆவணிக்கு அப்பறம் நீ அனுப்பினது எதுவும் இல்லக்கா. போயிருச்சு. தப்பு எம்மேலதான்.”

“எத்தன?”

“நாப்பத்தி மூணு.”

“இல்லாதத எப்படி எண்ணுன?”

“நீ அனுப்பறப்பெல்லாம் என் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். அதுல எண்ணிக்கை இருக்கு.”

அவள் மடிப்பதை நிறுத்தினாள். “அப்பவே வந்துச்சா?”

“வந்துச்சு.”

“பாத்தயா?”

“பாத்தேன். எத்தனைங்கறத மட்டும் பாத்தேன்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மாவாக இருந்தால் கரண்டி பறந்திருக்கும். மேனகா மடித்த பாவாடையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

“அவர் போனத் தூக்கிப் போட்டு ஒடச்சன்னைக்குக்கூட, பரவால்ல நவனிகிட்ட இருக்குன்னு நெனச்சேன்டா” என்றாள். எழுந்து நேத்ராவைக் குளிப்பாட்டப் போய்விட்டாள்.

அம்மா இரவு எனக்குச் சாப்பாடு போட்டாள். அப்பளம் மட்டும் இரண்டு வைத்தாள்.

ஜூன் 26, வியாழன்

ஜரீனாவிடம் தனியாகப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் போனை வாங்கி, பத்தொன்பது அறிவிப்புகளையும் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். நெடுநேரம் ஆனது.

“சமாதானமா இருந்த பொண்ணு எதுக்குப் பத்தொன்பது தடவை அனுப்பணும்னு கேக்கலாம். படம் இல்லாட்டியும் தேதியும் மணியும் இருக்கு. ஆனா வெறும் பேப்பராக் குடுத்தா நிக்காது. நீங்க கூண்டுல ஏறணும்.”

“ஏர்றேன்.”

“அவசரப்படாதீங்க. அவங்க வக்கீல் முதல்ல என்ன கேப்பார்னு தெரியுமா? ‘உங்க அக்கா பத்தொன்பது தடவை அனுப்பினாங்க, உங்களுக்குத் தெரிஞ்சுது. நெஜமாவே அடி ஒதைன்னா கூடப்பொறந்தவன் நீங்க ஒரு தடவையாவது போய்ப் பாத்திருக்க மாட்டீங்களா? போகலைன்னா அங்க ஒண்ணும் நடக்கலைன்னுதானே அர்த்தம்?’ என்ன சொல்வீங்க?”

நான் போகாததே அவர்களுக்குச் சாட்சி. இதை யோசிக்கவில்லை. சர்வர், ரகசியம், பொறுப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டினார்.

“இந்தப் பதில் நேத்ராவ உடுமலைக்கு அனுப்பிரும் தம்பி.”

“வேற என்னங்க சொல்றது?”

“நடந்தத. ஜெயிப்போம்னு நான் சொல்லல. ஆனா அந்தக் கேள்விக்கு நீங்க உங்களக் காப்பாத்திக்கற மாதிரி பதில் சொன்னா, கண்டிப்பா தோத்துருவோம்.”

வெளியே வந்து பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே கோர்ட் வாசலில் இருந்த ஜூஸ் கடைக்காரன், “என்னண்ணா, வேணுமா வேண்டாமா?” என்று இரண்டு தடவை கேட்டான்.

ஜூன் 27, வெள்ளி

காலை 6.30. லீவு சொல்லிவிட்டேன். மேனகா அடுப்படியில் இருக்கிறாள். நேற்று என்னிடம் இரண்டு சொல் பேசினாள்: ‘பால்’, ‘கேட்’. செய்ய வேண்டியவை:

1. புதுப் படிவத்தில் எழுதுவது: 2024 ஆகஸ்ட் 17 முதல் பிரதி எடுக்கப்படவில்லை. காரணம் மின்னல் அல்ல, நான்.
2. பத்தொன்பது அறிவிப்புகளையும் அச்செடுத்து, போனோடு ஜரீனாவிடம் ஒப்படைப்பது. ‘படிக்கப்பட்டது’ என்பது தெரியும்படி அச்செடுப்பது.
3. நான்காவதில் தொடங்கி மீதி 68 கோப்புகளையும் கடைசி வரை பார்ப்பது, கேட்பது. நடுவில் மாடிக்குப் போகக் கூடாது.
4. 71 கோப்புகளையும் ஒரு பென்டிரைவில் மேனகாவிடம் கொடுப்பது. எங்கே வைப்பது என்று அவள் முடிவு செய்வாள். பெரிய கம்பெனியில் வைத்தாலும் வாயைத் திறக்கக் கூடாது.
5. திங்கள் காலை கூண்டில் அந்தக் கேள்வி வரும்போது: “அக்கா கூப்பிட்டாள். எனக்குத் தெரிந்தது. நான் போகவில்லை. அங்கே ஒன்றும் நடக்காததால் அல்ல.” இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது.
6. எல்லாவற்றுக்கும் முன்னால், இப்போதே, அடுப்படிக்குப் போய் மேனகாவிடம் கேட்பது: அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது? அவள் சொல்ல மாட்டேன் என்றால் நாளைக்கும் கேட்பது. சொன்னால், முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருப்பது.